மருத்துவ மாணவரும் மறைவான கடிதமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

'சிபாரிசு' என்ற சொல் நம்மிடையே நல்ல பெயர் எடுத்த சொல் அன்று. "அவனுக்கு என்ன, சிபாரிசு இருக்கிறது" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவருக்குத் தகுதி இல்லை என்பதே நாம் கொள்ளும் பொருள். 'பரிந்துரை' என்று நல்ல தமிழில் மாற்றிச் சொன்னாலும் அந்தப் பழைய வாடை முழுவதும் போய்விடவில்லை. எனவே, அமெரிக்க நாட்டில் மருத்துவம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் பரிந்துரைக் கடிதங்கள் பெற்றே தீர வேண்டும் என்று கேள்விப்படும்போது, நமக்கு முதலில் தோன்றுவது ஏளனம்தான். ஆனால் அங்கே அக்கடிதம் ஆளைத் தெரிந்தவர் வேண்டிய ஆளுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டு அன்று. ஓர் ஆசிரியர் தம்மிடம் பயின்ற மாணவரைப் பற்றி, முன்பின் அறியாத வேறொரு மருத்துவமனைக்கு எழுதி அனுப்பும் மதிப்பீடு அது. நல்லதும் இருக்கலாம், அல்லதும் இருக்கலாம்.

அந்தக் கடிதத்தை, அது யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே படிக்கலாமா? இந்தச் சின்னக் கேள்வியில் அங்கே ஐம்பது ஆண்டுகளாக ஒரு விசித்திரமான நிலை இருந்து வருகிறது. சட்டம் 'படிக்கலாம்' என்கிறது. வழக்கமோ 'படிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடு' என்கிறது. மாணவர்களில் பெரும்பாலோர் வழக்கத்தின் பக்கமே ஒப்பமிடுகிறார்கள். அது சரியா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அந்நாட்டு மருத்துவக் கல்வியின் அமைப்பைச் சற்று அறிந்து கொள்வோம். நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். அங்கே அப்படி இல்லை. நம்மைப் போல் பட்டப் படிப்பை நான்கு ஆண்டுகள் படித்து முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரி வாயிலை மிதிக்க முடியும். (பி.எஸ்ஸி. படிக்கும் நமக்கு இது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது.) அதன் பின் மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள். எம்.டி. என்ற பட்டம் கையில் வந்துவிடும். ஆயினும் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நோயாளிக்குத் தனியே மருந்து எழுதிவிட முடியாது. மருத்துவமனை ஒன்றில் 'ரெசிடென்சி' எனப்படும் உறைவிடப் பயிற்சி பெற வேண்டும். துறைக்கு ஏற்ப அது மூன்று ஆண்டிலிருந்து ஏழு ஆண்டு வரை நீளும். ஓராண்டேனும் அத்தகைய பயிற்சி பெறாதவருக்கு எந்த மாநிலமும் முழுமையான தொழில் உரிமம் வழங்குவதில்லை.

இந்தப் பயிற்சியிடம் கிடைப்பது ஒரு பெரிய போட்டி. இறுதியாண்டு மாணவர் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு விண்ணப்பிக்கிறார். நேர்காணல் முடிந்தபின் மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருகிறார். மருத்துவமனைகள் தாம் விரும்பும் மாணவர்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. இரு வரிசைகளையும் பொருத்திப் பார்த்து, 'இன்னார் இன்ன இடம்' என்று ஒரு நடுநிலை அமைப்பு மார்ச்சு மாதத்தில் அறிவிக்கிறது. 1952-ஆம் ஆண்டு முதல் இம்முறை நடைமுறையில் இருக்கிறது. பொருத்தம் கிடைக்காத மாணவரின் நிலை இரங்கத்தக்கது. கையில் பட்டம், தலையில் கல்விக் கடன், ஆனால் தொழில் இல்லை.

இந்தப் போட்டியில் மதிப்பெண்களின் ஆட்சி முன்பு மிகுதியாக இருந்தது. நாடு தழுவிய உரிமத் தேர்வின் முதற்படியில் மாணவர் பெற்ற எண்ணைப் பார்த்தே பல மருத்துவமனைகள் வடிகட்டின. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாளிலிருந்து அத்தேர்வுக்கு மதிப்பெண் தருவதை நிறுத்திவிட்டார்கள். 'தேர்ச்சி', 'தோல்வி' என்ற இரண்டே முடிவுகள். ஓர் அளவுகோலை எடுத்துவிட்டால் மற்ற அளவுகோல்களின் மேல் சுமை கூடுவது இயல்பு. பரிந்துரைக் கடிதங்களும் அச்சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. ஒரு மருத்துவமனைக்கு ஒரு மாணவர் நான்கு கடிதங்கள் வரை அனுப்பலாம். இவற்றைத் தவிர, கல்லூரியே அனுப்பும் அறிக்கை ஒன்றும் உண்டு. முன்பு 'டீன் கடிதம்' என்று வழங்கிய அது, 2002-ஆம் ஆண்டு முதல் மாணவரின் செயல்திறன் மதிப்பீடு என்று பெயர் மாறியது. 'இது பரிந்துரை அன்று, மதிப்பீடு' என்று காட்டவே இந்தப் பெயர் மாற்றம். அந்த அறிக்கையை மாணவருக்குக் காட்டி, செய்திப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள இடம் தருகிறார்கள். அதில் மறைவு இல்லை. மறைவெல்லாம் தனித்தனி ஆசிரியர் எழுதும் கடிதங்களில்தான்.

இனி, சட்டத்தின் கதையைக் காண்போம். அது சுவையானது.

1974-ஆம் ஆண்டு. வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் பதவி விலகியிருந்த சமயம். அரசாங்கமும் நிறுவனங்களும் மக்களைப் பற்றி என்னென்ன எழுதிப் பூட்டி வைத்திருக்கின்றனவோ என்ற ஐயம் அந்நாடெங்கும் பரவியிருந்தது. பள்ளிகளிலும் அப்படித்தான். பிள்ளையைப் பற்றி ஆசிரியர் எழுதிய குறிப்பு அலுவலக அலமாரியில் இருக்கும். பெற்றோர் கேட்டால் காட்டமாட்டார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த செனட் உறுப்பினர் ஜேம்ஸ் பக்லி, கல்வி மசோதா ஒன்றுக்குத் திருத்தமாக ஒரு பிரிவைக் கொண்டு வந்தார். பள்ளியும் கல்லூரியும் தம்மைப் பற்றி வைத்திருக்கும் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. மாணவர் பதினெட்டு வயதை எய்தினாலோ கல்லூரியில் சேர்ந்துவிட்டாலோ அவ்வுரிமை மாணவருக்கே உரியது என்பது அதன் சாரம். வழக்கமாக மசோதாக்களைக் குழுக்களில் வைத்து விசாரிப்பார்கள்; இத்திருத்தம் அவ்வாறு விசாரிக்கப்படாமல் அவையிலேயே நேரே வைக்கப்பட்டு நிறைவேறியது. புதிதாகப் பதவியேற்ற அதிபர் ஃபோர்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் ஒப்பமிட்டார். சட்டம் நவம்பர் 19-இல் நடைமுறைக்கு வந்தது. 'பக்லி திருத்தம்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. (பக்லி பின்னர் நீதிபதியாகி, 2023-ஆம் ஆண்டு நூறு வயதில் மறைந்தார்.)

அவசரமாகச் செய்த சட்டத்தின் ஓட்டை உடனே தெரிந்தது. பல்கலைக்கழகங்கள் கூக்குரலிட்டன. 'இரகசியம்' என்று வாக்குக் கொடுத்து நாங்கள் பேராசிரியர்களிடம் வாங்கிய பழைய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றனவே, அவற்றையெல்லாம் இப்போது திறந்து காட்டினால் எங்கள் வாக்கு என்னாவது என்பது அவற்றின் கேள்வி. ஞாயமான கேள்விதான். அதனால் அதே ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளே சட்டத்தில் மாற்றம் செய்தார்கள். 1975 ஜனவரி முதல் நாளுக்கு முன் கோப்பில் சேர்ந்த இரகசியக் கடிதங்களைக் காட்ட வேண்டியதில்லை என்றார்கள். அதன் பின் வரும் கடிதங்களைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனால் மாணவர் விரும்பினால் அந்த உரிமையைத் துறந்துவிடலாம் என்றும் சேர்த்தார்கள்.

'விரும்பினால்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது. சட்டமியற்றியவர்களும் இதை உணர்ந்தே சில வேலிகள் இட்டார்கள். துறப்பு எழுத்து மூலம் இருக்க வேண்டும். மாணவரே ஒப்பமிட வேண்டும். துறந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்றோ, துறந்தால்தான் இன்ன உதவி செய்வோம் என்றோ கல்லூரி நிபந்தனை விதிக்கக் கூடாது. துறந்துவிட்ட மாணவர் கேட்டால், கடிதம் எழுதியவர்களின் பெயர்களையாவது சொல்ல வேண்டும். எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டதோ அதற்கன்றி வேறொன்றுக்கு அக்கடிதத்தைப் பயன்படுத்தலாகாது. துறந்த உரிமையை மாணவர் பின்னர் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குமுன் நடந்தவற்றுக்கு அது செல்லாது.

நடப்பது என்ன? கடிதம் கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: பார்க்கும் உரிமையைத் துறக்கிறீர்களா, இல்லையா? மாணவர் ஒன்றைக் குறிக்க வேண்டும். குறித்தது எழுதும் ஆசிரியருக்கும் தெரியும். படிக்கும் மருத்துவமனைக்கும் தெரியும். ஆசிரியர் தம் கடிதத்தை நேரே மின்வழியில் ஏற்றிவிடுகிறார். 'வந்து சேர்ந்தது' என்பது மட்டுமே மாணவருக்குத் தெரியும். 'துறக்கவில்லை' என்று குறித்தவரைப் பற்றிப் படிப்பவர் என்ன நினைப்பார்? இவர் எதற்கோ அஞ்சுகிறார். ஆசிரியரும் இவர் கண்ணுக்கு நேரே எழுதியதால் இனிப்பாக எழுதியிருக்கிறார் என்றே நினைப்பார். ஆகவே மூத்தோர் சொல்லும் அறிவுரை ஒன்றே: யோசிக்காமல் துறந்துவிடு.

இதில் எனக்கு உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்த எழுதாத விதி சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? படிவத்தில் 'உனக்கு உரிமை உண்டு' என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, உரிமையை ஏன் விட வேண்டும் என்று நேர்மையாகவே எண்ணி, 'துறக்கவில்லை' என்று குறித்துவிடுவார். நம் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எந்தப் படிவத்திலும் அச்சிட்ட எழுத்தை நம்புகிறவர்கள் நாம்தான். உரிமை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்துகிறவரைச் சந்தேகிப்பது எந்த ஊர் ஞாயம்?

இவ்வளவு சொன்ன பிறகும், கடிதம் மூடியிருப்பதே நல்லது என்பார் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. அவர்களுடைய வாதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நம் கல்லூரியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு நன்னடத்தைச் சான்றிதழும் தருவார்கள். அதில் நடத்தை 'நன்று' என்றிருக்கும். எல்லோருடையதிலும் 'நன்று' என்றுதான் இருக்கும். விடுதிச் சுவரேறிக் குதித்தவனுக்கும் 'நன்று'. நூலகத்தை விட்டு வெளியே வராதவனுக்கும் 'நன்று'. கையில் கொடுக்கும் காகிதத்தில் வேறு எப்படி எழுதுவது? எழுதினால் மறுநாள் வீட்டார் வந்து நிற்பார்கள். அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்து எவரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லோரையும் புகழும் கடிதம் ஒருவரையும் புகழவில்லை. நோட்டுக்களை அளவின்றி அச்சடித்தால் ரூபாயின் மதிப்பு விழுவது போன்றதே இது. மாணவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் எழுதுபவரின் புகழுரை ஏறுகிறது. மறைவாக எழுதிய கடிதத்தையே படிப்பவர் மிகுதியாக நம்புகிறார் என்பதே உளவியலார் செய்த ஆய்வுகளின் பொதுவான போக்கு. நமக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான்.

மேலும், மருத்துவக் கடிதத்துக்கு வேறு எந்தக் கடிதத்துக்கும் இல்லாத ஒரு தனித்தன்மை உண்டு. இதில் எழுதுபவர், படிப்பவர், மாணவர் என்று மூவர் மட்டும் இல்லை; நோயாளி என்ற நான்காமவரும் இருக்கிறார். அவர் இன்னும் வரவில்லை. எந்த ஊரிலோ இருக்கிறார். அவருக்குக் கடிதத்தைக் காட்டப்போவதும் இல்லை. ஒரு மாணவர் தேர்வில் எல்லாம் தெரிந்தவர். ஆனால் வார்டில் நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைக்காமலேயே 'இதய ஒலி இயல்பு' என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லாது. சொல்லக்கூடிய இடம் அந்தக் கடிதம் ஒன்றுதான். மாணவர் படிப்பார் என்றால் ஆசிரியர் எழுதுவாரா? ஒருசிலர் எழுதுவர். பலர் அந்த வாக்கியத்தை விழுங்கிவிடுவர். அதன் விலையை அந்த நான்காமவர் கொடுப்பார்.

இது வலுவான வாதம். ஆனால் முழுமையானது அன்று. ஏனென்றால் மூடிய உறைக்குள்ளும் உண்மை பேசுகிறவர்கள் மிகக் குறைவு! மறைவான கடிதங்களிலும் புகழுரைதான் நிரம்பி வழிகிறது. தம் மாணவருக்கு இடம் கிடைக்காமற் போவதை எந்த ஆசிரியரும் விரும்புவதில்லை. இடம் கிடைத்தால் கல்லூரிக்கும் பெயர். ஆகவே அங்கே ஒரு மறைமொழி வளர்ந்துவிட்டது. 'மிகச் சிறந்த மாணவர்' என்றால் நல்ல மாணவர் என்று பொருள். 'நல்ல மாணவர்' என்றால் சுமார் என்று பொருள். 'குறித்த நேரத்துக்கு வருவார், இனிமையாகப் பழகுவார்' என்று மட்டும் எழுதியிருந்தால், வேறொன்றும் சொல்ல இல்லை என்று பொருள். சொல்லாமல் விட்டதைத்தான் படிக்க வேண்டுமாம். புலவர் பாட்டுக்கு உரை எழுதுவது போல மருத்துவர்கள் கடிதத்துக்கு உரை காணுகிறார்கள்! அந்த மறைமொழி அறியாத ஆசிரியர் ஒருவர் உள்ளபடியே 'நல்ல மாணவர்' என்று மனமார எழுதிவிட்டால், மாணவர் கதி என்ன? அந்தக் கடிதம் திறந்திருந்தால் மாணவராவது கண்டு சொல்லியிருப்பார்.

இந்தப் புகழ் வெள்ளத்துக்கு அணை போட முயன்றவர்கள் அவசர மருத்துவத் துறையினர். 1990-களில் அவர்கள் கடிதத்தை விட்டுவிட்டு ஒரே மாதிரியான படிவத்தை வகுத்தார்கள். அதில் வெறும் புகழுரை எழுதித் தப்பிக்க முடியாது. தம்மிடம் வந்த மாணவர்களுள் இவர் முதல் பத்து விழுக்காட்டிலா, மேல் மூன்றிலொரு பங்கிலா, நடுவிலா, கீழ்ப் பங்கிலா என்று ஆசிரியர் குறித்தாக வேண்டும். எல்லோரையும் முதல் பத்தில் போட்டால் கணக்கு இடிக்கும். மறைவு மட்டும் உண்மையை வரவழைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருவோம். இருட்டில் எழுதுவதால் நேர்மை மட்டுமா வெளிவரும்? ஓரவஞ்சனையும் அல்லவா வரும்! பிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் 1990-களின் நடுவில் ஆசிரியர் பணிக்குத் தேர்வானவர்களைப் பற்றி வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களை எடுத்து, ஆணுக்கு எழுதியதையும் பெண்ணுக்கு எழுதியதையும் ஒப்பிட்டார்கள். பெண்களைப் பற்றிய கடிதங்கள் பொதுவாகக் குட்டையாக இருந்தன. ஆணைப் பற்றி எழுதும்போது அவருடைய ஆராய்ச்சி முன்னால் வந்தது. பெண்ணைப் பற்றி எழுதும்போது அவர் பாடம் நடத்தும் திறன் முன்னால் வந்தது. புகழ்வது போலவே ஐயத்தைக் கிளப்பும் தொடர்களும் பெண்களின் கடிதங்களில் கூடுதலாக இருந்தன. நினைவில் கொள்க: இவர்கள் எல்லோரும் வேலை கிடைத்தவர்கள். கிடைக்காமற் போனவர்களின் கடிதங்களில் என்ன இருந்ததோ! எழுதியவர்களில் எவரும் 'நான் பெண்களைத் தாழ்த்துகிறேன்' என்று எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். பழக்கம் பேனாவில் இறங்கிவிடுகிறது. படிக்க வேண்டியவர் கண்ணில் அது படாவிட்டால், திருத்தம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வி அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை போனதுண்டு. மாணவர் கடிதமன்று, ஆசிரியரின் நிரந்தரப் பணி பற்றிய மதிப்பீடுகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணி நிரந்தரம் மறுக்கப்பட்ட ஒருவர், பாகுபாட்டால் மறுத்தார்கள் என்று முறையிட்டார். சம வேலைவாய்ப்பு ஆணையம் இரகசிய மதிப்பீடுகளைக் கேட்டது. 'காட்டினால் இனி எவரும் மனந்திறந்து எழுதமாட்டார்கள். கல்வித் தரமே கெடும்' என்றது பல்கலைக்கழகம். 1990-ஆம் ஆண்டு ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளினார்கள். நீதிபதி பிளாக்மன் எழுதிய அத்தீர்ப்பு, பாகுபாட்டு விசாரணைக்கு வேண்டிய ஆவணங்களை 'இரகசியம்' என்று சொல்லிப் பூட்டி வைக்க முடியாது என்று கூறியது. அதற்குப் பிறகும் பேராசிரியர்கள் மதிப்பீடு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

இரு பக்கத்தையும் கேட்டபின் நான் வந்திருக்கும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் அன்பர்கள் மாறுபட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஒரு கடிதத்தில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று நடந்தது, மற்றொன்று அதைப் பற்றி ஆசிரியர் கருதியது. 'இவர் என் வார்டில் எட்டு வாரம் இருந்தார், மூன்று நாள் சொல்லாமல் வரவில்லை' என்பது நடந்தது. 'இவரை என் தாய்க்கு மருத்துவம் பார்க்க விடுவேன்' என்பது கருத்து. நடந்ததை மாணவருக்குக் காட்டாமல் எழுதுவது எவ்விதத்திலும் சரியன்று. அந்த மூன்று நாளும் மாணவர் காய்ச்சலில் கிடந்திருக்கலாம். மடல் எழுதி வைத்தது ஆசிரியர் கைக்குப் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அவரைக் கேட்டால்தானே தெரியும். ஆனால் கருத்து அப்படியன்று. கருத்துக்கு மறுமொழி இல்லை. ஆசிரியரின் கருத்தை மாணவர் படித்துத் 'திருத்துவது' என்றால், அது ஆசிரியரின் கருத்தாக இருக்காது. எனவே குற்றம், குறை, வருகை, தேர்வு ஆகிய செய்திகள் கல்லூரியின் திறந்த அறிக்கையில் இருக்கட்டும். மாணவர் பார்த்து ஒப்பட்டும். தனி ஆசிரியரின் கடிதம் கருத்தளவில் நிற்கட்டும். அதை மாணவர் படிக்க வேண்டியதில்லை. ஆகவே உரிமையைத் துறந்து ஒப்பமிடும் மாணவரை நான் குறை சொல்லேன். நானே அந்த இடத்தில் இருந்தாலும் ஒப்பமிடுவேன்.

ஆனால் ஒப்பமிடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. 'ஐயா, எனக்கு ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?' என்று கேட்பது போதாது. அதற்கு எந்த ஆசிரியரும் 'ஆகட்டும்' என்றுதான் சொல்வார். 'என்னைப் பற்றி வலுவான கடிதம் எழுத உங்களால் இயலுமா?' என்று கேட்க வேண்டும். இது கேட்கக் கூச்சமான கேள்வி. ஆசிரியருக்கு எதிரில் உட்காரவே தயங்கும் நமக்கு இப்படி ஒரு கேள்வி வாயிலிருந்து வராது. ஆனால் அங்கே இதைக் கேட்கச் சொல்லித்தான் மாணவர்களைப் பழக்குகிறார்கள். ஆசிரியர் சற்றுத் தயங்கினாலோ, 'உன்னோடு அதிக நாள் பழகவில்லையே' என்றாலோ, நன்றி சொல்லிவிட்டு வேறொருவரை நாட வேண்டும். மூடிய உறையைத் திறக்காமலே உள்ளே இருப்பதை அறியும் வழி இதுவே. ஆசிரியருக்கும் இதில் கடமை உண்டு. நல்லபடி எழுத மனமில்லாதவர் 'நான் எழுதுவது உனக்கு உதவாது' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். 'ஆகட்டும்' என்று தலையாட்டிவிட்டு, பின்னால் மறைவாகக் கவிழ்ப்பது ஆசிரியத்தொழில் அன்று.

மற்றொரு கேடும் உண்டு. நேரமில்லாத பெரிய மருத்துவர் சிலர், 'நீயே எழுதிக்கொண்டு வா, நான் ஒப்பமிடுகிறேன்' என்று மாணவரிடம் சொல்லிவிடுகிறார்கள். மாணவரும் 'பார்க்கும் உரிமையைத் துறந்தேன்' என்று குறித்துவிட்டு, தம்மைப் பற்றித் தாமே எழுதித் தருகிறார்! படிக்கும் குழு அதை இரகசியக் கடிதம் என்று நம்புகிறது. இதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. சாதனைப் பட்டியலையும், கவனித்த நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளையும் ஆசிரியருக்கு எழுதிக் கொடுப்பது வேறு. அது நினைவுக்குத் துணை. கடிதத்தையே எழுதுவது வேறு. ஆசிரியர் தாமாகவே மனமுவந்து மாணவருக்கு ஒரு பிரதி காட்டினால் அதில் சட்டத்தின்படி பிழையில்லை. மாணவர் துறந்தது கேட்டு வாங்கும் உரிமையைத்தான். ஆயினும் படிப்பவர் அவ்வாறு எண்ணமாட்டார் என்பதால், காட்டாமலிருப்பதே நன்று.

சட்டத்தை மிகவும் நம்பியிருக்கவும் முடியாது. துறக்கச் சொல்லிக் கல்லூரி கட்டாயப்படுத்தினால் மாணவர் கல்வித் துறைக்கு முறையீடு அனுப்பலாம்; அவ்வளவுதான். இச்சட்டத்தின் பேரில் தனியொருவர் நேரே வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற முடியாது என்று 2002-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அரசு கையில் உள்ள ஆயுதம் கல்லூரிக்குத் தரும் நிதியை நிறுத்துவது. அது யானையை ஓட்ட வைத்திருக்கும் பீரங்கி, கொசுவுக்கு எடுக்கமாட்டார்கள். அன்றியும், சட்டம் ஆள்வது பதிவேட்டைத்தான். ஆசிரியர் தம் நினைவிலிருந்து தொலைபேசியில் நண்பருக்குச் சொல்லும் சொல்லை அது தொடாது. 'கடிதத்தில் எழுதவில்லை, ஆனால்...' என்று தொடங்கும் பேச்சை எந்த மாணவரும் பார்க்கும் உரிமை கேட்டுப் பெற முடியாது. கடிதத்தை முழுவதும் திறந்துவிட்டால் அந்தப் பேச்சுத்தான் பெருகும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்தில் இருப்பதையாவது, பாகுபாடு என்று புகார் எழுந்தால் நீதிமன்றம் கேட்டு வாங்கலாம். பேச்சை எங்கே போய்த் தேடுவது?

நம் நாட்டிலிருந்தும் மருத்துவர்கள் பலர் ஆண்டுதோறும் அங்கே உறைவிடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள். அமெரிக்க அரசின் கல்வி நிதியைப் பெறாத நம் கல்லூரிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் படிவம் ஒன்றுதான். துறக்கிறீர்களா என்ற அதே கேள்வி அவர்களிடமும் கேட்கப்படுகிறது. அவர்களும் 'துறக்கிறேன்' என்றே குறிக்கிறார்கள். சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. மறைவாக ஒரு மாணவரை எடைபோட்டு எழுதும் வழக்கம் நம் ஆசிரியர்களிடம் இல்லை. நாம் எழுதுவது மாணவர் கையில் கொடுக்கும் கடிதம்: உழைப்பாளி, பணிவுள்ளவர், நல்லொழுக்கம் உடையவர், எதிர்காலத்தில் சிறக்க வாழ்த்துகிறேன். இந்த நான்கு வரியை ஒட்டிய உறையில் போட்டு அனுப்பினாலும் அவை அதே நான்கு வரிதான். எந்த நோயாளியிடம் எப்படி நடந்தார், எந்த இரவில் எந்த முடிவெடுத்தார், தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா என்ற செய்தி ஒன்றாவது அதில் இல்லாவிட்டால், அங்கே குழுவில் இருப்பவர் அதை அரை நிமிடத்தில் படித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார். நம் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்கள் இதைக் கவனித்தால் அங்கே போகும் மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.